மண்ணா, காய்ச்சலா என்று கேட்டேன்

என் மகள் ஷீபா கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து முகம் தெரியாதவர்கள் கொடுக்கும் ரத்தத்தில்தான் உயிரோடு இருக்கிறாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்குப் போய், ரத்தம் ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். நோயின் பெயர் தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்யாது. என்னிடம் பாதி இருந்தது, என் கணவரிடம் பாதி இருந்தது. பாதி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு குறையும் வெளியே தெரியாது. நாங்கள் அத்தை மகனும் மாமன் மகளும். இரண்டு பாதியும் சேர்ந்து அவளிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நோய் நீங்கிய சாட்சி இல்லை. அவளுடைய நோய் போகவில்லை. வருகிற வாரமும் நாங்கள் ரத்தம் ஏற்றப் போகவேண்டும். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒன்று கேட்டேன், கேட்டதற்குப் பதில் வந்தது, அதனால் எழுதுகிறேன். சபைப் பத்திரிகையில் போட வேண்டும் என்று பாஸ்டர் ஐயா ஒரு வருஷமாகப் பின்னாலேயே வருகிறார். தெம்பு இல்லை ஐயா என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் இப்போதும் பெரிய தெம்பு ஒன்றும் இல்லை.

நான் களைத்துப்போனவள். விசுவாசத்தில் இல்லை, உடம்பில். மற்றவர்கள் பிள்ளையின் பரீட்சைக்குப் பயப்படுவார்கள், நான் பக்கத்து சீட்டில் யாராவது தும்மினால் பயப்படுவேன். ஷீபாவுக்குப் பத்து வயதில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அது வீங்கிப்போய் ஏற்றுகிற ரத்தத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. எடுத்த பிறகு பெங்களூர் டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, இனிமேல் இவளுக்குச் சளி காய்ச்சல் எதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே வந்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து என் கை அவள் நெற்றியில்தான் இருக்கிறது. தெர்மாமீட்டர் என் தையல் மிஷின் டிராயரில் பாபின்களோடு கிடக்கும். நைட்டியும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துக் கொடுப்பது என் வேலை. முன்பு பெங்களூருக்குக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இவளுக்காக விட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் ஊரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுடையது தங்கச் சுரங்க ஊர். பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த தங்கக் கல்லை அரைத்து, மருந்து கலந்து, தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்ச மண்ணை ஊருக்குள்ளேயே மலையாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்று சொல்வோம். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆடி பிறந்து காற்று எடுத்தால் அந்த மண் மாவாகப் பறந்து வரும். தோசைக் கல்லில், தலையணையில், தண்ணீர்க் குடத்தில், எங்கும் அதுதான். அந்த மாதம் முழுவதும் ஊரே இருமும். யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. "மண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காற்று மாதம் வந்தால் ஜன்னலை இறுக்கி அடைத்து, இடுக்கில் பழைய துணியும் சொருகிவிடுவோம்.

போன வருஷம் அந்தக் காற்று மாதத்தில்தான் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள்.

வைத்தவர் கிரேஸ் அக்கா. சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவர். அவருடைய அன்புக்கு அளவில்லை, சத்தத்துக்கும் அளவில்லை. ஷீபா பிறந்ததிலிருந்து ஒரு நாள் விடாமல் அவளுக்காக ஜெபிக்கிறவர். அவருக்கு யாரோ ஒரு வெளியூர் ஊழியரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பரம்பரையாக வருகிற வியாதிகளை முறிக்கிற ஜெபம் செய்கிறவராம். அக்கா என்னைக் கேட்டார்.

"சிஸ்டர், இது வம்சத்துல வர்ற வியாதி தானே? வம்சத்துல வர்றத வம்சத்துலயே முறிக்கணும். அவரு வந்துகினு இருக்காரு, நம்ம லைன்லயே வெச்சிடலாம். நீங்க டீ மட்டும் போட்டா போதும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெபத்தை எப்படி வேண்டாம் என்பது?

எங்கள் வீடு சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடு. ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கும். முன்னறையில் ஒரு கட்டில் போட்டால் மிச்சத்தில் நாலு பேர் உட்காரலாம். அன்றைக்கு இருபது பேராவது இருந்திருப்பார்கள். மண் வரக்கூடாது என்று ஜன்னலை அடைத்தோம், கதவையும் சாத்தினோம். பாட்டுக்கு நடுவில் இருமல், ஜெபத்துக்கு நடுவில் இருமல். "மண்ணு, மண்ணு" என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தண்ணீர் கொடுத்துக்கொண்டார்கள். வந்த ஊழியர் ஷீபாவை நடுவில் உட்காரவைத்து எல்லாரையும் அவள் தலையில் கை வைக்கச் சொன்னார். முன்னோர்களின் பாவம் என்றார், சாபக் கட்டு என்றார். உங்கள் குடும்பத்தில் யார் விக்கிரகத்துக்குப் பலி கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மாமனாரும் அப்பாவும் பூமிக்கடியில் இறங்கி வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர்கள். அவர்கள் யாருக்கும் எதையும் பலி கொடுக்கவில்லை, தங்களைத்தான் கொடுத்தார்கள். அதை அங்கே சொல்லவில்லை. டீ போட அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று கொஞ்சம் அழுதேன், பிறகு சர்க்கரை போட்டேன்.

எல்லாரும் போனபிறகு ஷீபா கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அம்மா, அத்தினி கை தலைமேல இருந்திச்சா, கழுத்தே நோவுது. ஆனா நல்ல மனசும்மா அவங்களுக்கு." அவள் அப்படித்தான். யாரையும் குறை சொல்லமாட்டாள். குறை சொல்லும் வேலையை எனக்கு விட்டுவிடுவாள்.

நாலைந்து நாளில் அவளுக்கு இருமல் வந்தது.

இப்போது யோசித்தால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் கையிலேயே பதில் இருந்தது. இருமுகிறாள், ஊரே இருமுகிறது, மண்தான். சோர்ந்து படுத்திருக்கிறாள், ரத்தம் ஏற்றும் நாள் நெருங்குகிறது, சோர்வு இருக்கத்தானே செய்யும்? ரத்தம் குறைகிற நாட்களில் அவளே சிரித்துக்கொண்டு, "அம்மா, ஷிஃப்டுக்கு ஆள் கம்மி" என்பாள். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் பேசிப்பேசி அவளுக்கு ஒட்டிக்கொண்ட பேச்சு. மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, அதுவும் ரத்தக் குறைவில் வழக்கம்தான். கண் மஞ்சளாக இருக்கிறது, அது எப்போதுமே மஞ்சள்தான். நெற்றி லேசாகச் சுடுகிறது. தெர்மாமீட்டர் வைத்தால் தொண்ணூற்றொன்பதைத் தாண்டி ஏதோ காட்டியது. டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஏறவில்லை. உடனே ஓடிவாருங்கள் என்று சொன்ன காய்ச்சல் இதுவா, இல்லையா?

இங்கே பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். வாசல் வரைக்கும் இருமுகிறவர்கள் நின்றிருந்தார்கள். அந்த டாக்டர் பாவம், காலையிலிருந்து இருமலையே கேட்டுக் காது புளித்துப்போனவர். ஷீபாவின் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் இருமல் மருந்து எழுதிவிட்டார். "இந்த சீசன்ல எல்லாருக்கும் இருக்குதும்மா. டஸ்ட் அலர்ஜி."

என் கணவர் சாமுவேல் பெங்களூரில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். போன் செய்தேன்.

"மண்ணு தான்டி. எப்படியும் சனிக்கிழம ரத்தம் ஏத்த வரப்போறீங்க, அன்னிக்கே டாக்டர கேட்டுக்கலாம். அதுக்குள்ள ரெண்டு வாட்டி ரயில்ல இஸ்துகினு வந்தா, ரயில்லயே இன்னும் நாலு சளி ஒட்டிக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கு முன்னால் பயந்துபோய் அவளை வாரிக்கொண்டு ஓடி, ஒன்றும் இல்லை என்று திரும்பிவந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கல்லூரி போகும், அவருக்கு அன்றைய சம்பளம் போகும், திரும்பிவந்து அவள் இன்னும் துவண்டு படுப்பாள். ஓடினாலும் தப்பு, ஓடாவிட்டாலும் தப்பு. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் என்னை அதிகமாக அரித்தது நோயைவிட இந்த "போவதா, இருப்பதா" என்கிற கேள்விதான்.

அன்று மத்தியானம் யூனிஃபார்ம் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் இருமினாள். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினார். தெருவில் யாரோ இருமிக்கொண்டே போனார்கள். எது யாருடைய இருமல் என்றே தெரியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, தலையை அதன்மேலேயே வைத்து ஜெபித்தேன். முழங்கால் போடக்கூடத் தெம்பில்லை. அழகான ஜெபமும் இல்லை. அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, சுகம் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. இன்னிக்கு அதக் கேக்கல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இது மண்ணா, காய்ச்சலா? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை. திரும்ப காலர் தைத்தேன்.

மறுநாள் மழை வந்தது.

எங்கள் ஊரில் ஆடியில் காற்றுதான் வரும், மழை எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். அன்றைக்கு அப்படி இல்லை, கொட்டித் தீர்த்தது. நான் சந்தோஷப்பட்டேனா? இல்லை. வெளியே காயப்போட்ட துணியெல்லாம் நனைந்தது. கூரை ஷீட்டில் ஒட்டுப் போட்ட இடம் பிய்ந்து, தைத்து அடுக்கிவைத்திருந்த சட்டைகள்மேல் ஒழுகியது. ஷீபா கட்டிலை நகர்த்தி, கீழே பாத்திரம் வைத்து, ஈரத்தில் அவளுக்கு இன்னும் சளி பிடிக்குமே என்று பதறி, அந்த மழையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்த ஊரில் தண்ணீருக்காக எத்தனை முறை உபவாசம் இருந்து ஜெபித்திருக்கிறோம்! வந்த நாளில் நான் வசைபாடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளும் விட்டுவிட்டுப் பெய்தது. அதற்கு மறுநாள் காலையில் மழை நின்றிருந்தது. பால் வாங்க வெளியே வந்தேன். சயனைடு மேடு நனைந்து கறுத்துக் கிடந்தது. ஒரு துளி மண் பறக்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு முருகன் அண்ணன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆடி பிறந்ததிலிருந்து விடிந்ததும் அவருடைய இருமல்தான் எங்களுக்கு அலாரம். அன்று அவர் இருமவில்லை.

"இன்னாண்ணா, இருமல் போச்சா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"மழை வந்துதே, மண்ணு அடங்கிடிச்சி. நேத்துலேர்ந்து நெஞ்சு லேசா கீது."

பால் பாத்திரத்தோடு நான் தெருவில் நின்றேன். லைன் முழுவதும் அமைதியாக இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருவரும் இருமவில்லை. அப்போது திறந்திருந்த எங்கள் வீட்டுக் கதவுக்குள்ளிருந்து ஒரே ஒரு இருமல் கேட்டது.

நான் கேட்டேனே! இது மண்ணா என்று கேட்டேனே! ஆண்டவர் மண்ணை அடக்கிக் காட்டிவிட்டாரே! அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பதிலையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே ஓடினேன். ஷீபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்திருந்தது. வெளுப்பு எங்களுக்குப் பழகியதுதான், ஆனால் அந்த வெளுப்பில் ஒரு நீலம் இருந்தது. ஜெபிக்கச் சொல்லலாம் என்று கிரேஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். அவருடைய மகள்தான் எடுத்தாள். "அம்மா ஜொரத்துல படுத்துகினு இருக்காங்க ஆன்ட்டி. ஜெபத்தன்னிக்கே இருமல் இருந்திச்சி, மண்ணுன்னு சும்மா இருந்துட்டாங்க. ஜெபத்துக்கு வந்தவங்க இன்னும் மூணு பேருக்கும் ஜொரம்."

அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. முருகன் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் கதவைத் தட்டினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஷீபாவைப் பார்த்ததும், "எங்க ஆத்தாவும் உங்க ஏசுவும் சேந்து பாத்துக்குவாங்க, ஏறும்மா" என்றார். சபைப் பத்திரிகையில் இதைப் போடலாமா என்று தெரியவில்லை. அவர் சொன்னதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பெங்களூர் வரைக்கும் எங்கேயும் நிற்காமல் ஓட்டினார்.

மருத்துவமனையில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள், நர்ஸ் உடனே ஆக்ஸிஜன் வைத்தார். மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பரிசோதித்ததில் இன்ஃப்ளுயன்சா வைரஸ் என்று வந்தது. படம் எடுத்ததில் இடது பக்க நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருந்தது. ரத்தம் நாங்கள் பயந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு பழகித் தமிழ் நன்றாகவே வரும்.

"இதே வைரஸ் வேற பசங்களுக்கு வந்தா ஒரு வாரம் படுத்து எழுந்துடுவாங்கம்மா. இவளுக்கு அப்படி இல்ல. ரத்தமே கம்மி, அதனால மூச்சு இழுத்தாலும் அந்தக் காத்த உடம்புக்கு எடுத்துட்டுப் போக முடியல. ஏத்தின ரத்தத்துல இருக்கிற இரும்பு ஹார்ட்ல சேர்ந்திருக்கு, அதனால ஹார்ட்டும் ரொம்ப கஷ்டப்பட முடியாது. மண்ணீரல் வேற இல்ல. வைரஸ் கதவத் திறந்துட்டுப் போனா, பின்னாடி வர்ற பாக்டீரியாவப் பிடிக்க ஆளே இல்ல. அது ரத்தத்துல பரவிச்சுன்னா மணிக்கணக்குதான். இப்பவே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுட்டோம்."

நான் கேட்டேன். "சனிக்கிழமை வந்திருந்தா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கேள்வி வேண்டாம்" என்றார்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் நானும் என் கணவரும் உட்கார்ந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரத்தத்தைக்கூட மெதுவாகத்தான் ஏற்றினார்கள், வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது என்றார்கள். ஒரு துளி, பிறகு ஒரு துளி. கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. தூக்கம் வந்தது. மகள் உள்ளே கிடக்கிறாள், தாய்க்குத் தூக்கமா என்று வெட்கமாக இருந்தது. "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டீங்க, கொண்டுவந்து சேத்துட்டேன். இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். அதுதான் அன்றைய ஜெபம். சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். தன் மடியில் தலையை வைத்துக்கொள்ளும்படி என் கணவர் எத்தனையோ முறை சொன்னாராம், எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே தொங்கிய அந்த ரத்தப் பையைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த ஊழியர் சாபம் என்றாரே! எங்களிடமிருந்து அவளுக்குப் போனது குறைவான ரத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷமாக அவளுக்குள் ஓடுவது யார் யாரோ கையை நீட்டிக் கொடுத்தது. எந்த ஜாதி, எந்த மதம், எந்த பாஷை என்று தெரியாது. அவர்கள் யாரும் அவளைப் பார்த்ததுகூட இல்லை. இப்படி ஊரே சேர்ந்து சுமக்கிற பிள்ளையைப் போய்ச் சபிக்கப்பட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்களை இனி என் வீட்டுக்குள் விடவும் மாட்டேன். பாஸ்டர் ஐயா இந்த வரியை எடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

காய்ச்சல் இறங்கி எழுந்ததும் கிரேஸ் அக்கா எனக்குப் போன் செய்தார். பேசவே முடியவில்லை, ஓவென்று அழுதார்.

"சிஸ்டர், நாங்க தான் கொண்டாந்து குடுத்துட்டமா? சொல்லுங்க சிஸ்டர், நான் தான் பக்கத்துல ஒக்காந்து தலமேல கை வெச்சேன்."

இல்லை அக்கா, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் மரியாதை. ஆனால் பொய்யான ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ஆமாக்கா. ஜெபத்தையும் கொண்டாந்தீங்க, சளியையும் கொண்டாந்தீங்க. ஜன்னல அடச்சி அத உள்ளயே வெச்சது நானு. இப்ப அழாதீங்க. ஒங்க வீட்ல இருந்துகினே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்கு அங்கேர்ந்தும் கேக்கும்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்க சிஸ்டர்" என்றார். அந்த வாரம் எங்கள் சபையார் யார் வீட்டிலும் கூடவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் அடுப்படியில், ரயிலில், வேலைக்குப் போகிற வழியில் ஷீபாவுக்காக ஜெபித்தார்கள். இருபது பேர் என் முன்னறையில் இருந்தபோது கிடைக்காத பலம் அப்போது எனக்குக் கிடைத்தது. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஒரு காலையில் நர்ஸ் வந்து, உங்கள் மகள் உங்களைக் கேட்கிறாள் என்றார். முகக்கவசம், மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூக்கில் குழாயோடு ஷீபா என்னைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"அம்மா, இங்க குடுக்கிற உப்புமா பேடாம்மா, வேணாம். நம்ம வீட்டு ரசம் வேணும்."

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் வராதது ஒரு ரசத்துக்கு வந்தது. பசி எடுத்துவிட்டது அவளுக்கு. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒன்று நகர்ந்தது போல இருந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முகக்கவசத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றேன். நர்ஸ் என்னைத் தட்டிக்கொடுத்து வெளியே அனுப்பினார்.

ஆகஸ்டு பாதியில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

என் கணவர் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறவர். "மழ எல்லா வருசமும் எங்கயாவது பேஞ்சிகினு தானே இருக்குது? அது அதிசயமா?" என்று என்னைக் கேட்டார். மழை அதிசயம் இல்லை. நான் ஒன்றைக் கேட்டேன், கேட்டது தெரிந்தது, தெரிந்ததும் கிளம்பினேன். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்த மூன்றில் எது தப்பியிருந்தாலும் அந்தக் கட்டில் இன்றைக்குக் காலியாக இருக்கும். இதை அவரிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் எனக்கு முன்னால் கிளம்பி ஆராதனைக்கு நின்றார்.

என் ஜெபம் அதற்குப் பிறகு மாறிவிட்டது. முன்பெல்லாம் முழு மலையையும் நகர்த்தும்படி கேட்பேன், நகராவிட்டால் மனம் உடைந்துபோவேன். இப்போது அன்றன்றைக்குத் தெரியவேண்டியதைக் கேட்கிறேன். பதில் மழையாக வரலாம், டாக்டர் வாயில் வரலாம், பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்க்கும்போது வரலாம். வந்ததைத் திட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாகப் பழகவில்லை.

சபையிலும் சிலது மாறியிருக்கிறது. சளி, இருமல் இருப்பவர்கள் வியாதியுள்ளவர்களின் வீட்டுக்கு ஜெபிக்கப் போவதில்லை. மண்தான் என்று தோன்றினாலும் போவதில்லை. கூட்டம் வைத்தால் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள், மண் வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மூன்று பேரும் இனி ஒவ்வொரு வருஷமும் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். போன வருஷம் ஷீபாவுக்கு அது அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போயிருந்தது. இந்த முறை கிரேஸ் அக்கா பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊசியைப் போடவைத்துவிட்டார். "அந்தப் பொண்ணு பக்கத்துல ஒக்காரணும்னா போட்டுகினு வாங்க" என்று மிரட்டினாராம். திருமணம் செய்துகொள்ளப்போகிற பிள்ளைகளிடம் இரண்டு பேரும் ரத்தம் பரிசோதித்துக்கொண்டீர்களா என்று பாஸ்டர் ஐயா கேட்கிறார். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் போகாத நோய் ஒன்று இருக்கலாம். ஜெபித்து ஜெபித்து உங்களுக்கும் வாய் வலித்திருக்கலாம். பெரிய விசுவாசம் வேண்டாம், என்னிடமும் அது இல்லை. களைத்துப்போன வாயால் கேட்டாலும் அவர் கேட்கிறார். தெரியாததைக் கேளுங்கள். தெரிந்தபிறகு உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து போங்கள். அவரை நம்பலாம். நான் நம்பிப் பார்த்தவள்.

இந்த வருஷமும் காற்று எடுத்துவிட்டது. போன ஞாயிறு மத்தியானம் கிரேஸ் அக்கா வந்தார். தொண்டை கட்டியிருக்கிறது, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லி வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டார். அங்கேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, லைன் முழுவதும் கேட்கும்படி ஷீபாவுக்காக ஜெபித்தார். நாய்கள் குரைத்தன, முருகன் அண்ணன் எட்டிப்பார்த்தார். ஷீபா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். முடிவில் திறந்திருந்த ஜன்னல் வழியாக, ஒரே மூச்சில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி ஆமென் என்றாள்.